ரப்பர் வளையத்தை நம்பும் உரிமை

பேட்டரி அறையின் மூடியைத் திருகி மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. கடலுக்கடியில் படமெடுப்பவர்கள் கேமராவின் இருபுறமும் நீளும் கைகளில் பொருத்திக்கொள்ளும் ஃபிளாஷை ‘ஸ்ட்ரோப்’ என்பார்கள். அதற்குள் நான்கு பேட்டரிகள், ஒரு கெப்பாசிட்டர், ஒரு செனான் குழல். வெளியே கடல். இரண்டுக்கும் நடுவே குழந்தையின் வளையல் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். ‘ஓ-ரிங்’ என்று பெயர்.

வளையம் தாங்கும் என்று நம்பித்தான் டைவர் படகின் விளிம்பிலிருந்து குதிக்கிறார். அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கிறதா? நம்புவது அவரவர் மனத்தின் சொந்த விஷயம், அதில் உரிமை என்ன, குற்றம் என்ன என்று தோன்றலாம். மதங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக அப்படி விட்டுவிடவில்லை. எதை நம்பலாம், எப்போது நம்பலாம், எவ்வளவு சோதித்த பிறகு நம்பலாம், எந்த இடத்தில் சந்தேகத்தை நிறுத்த வேண்டும் என்று விடாமல் வாதிட்டிருக்கின்றன. அந்த வாதங்களில் பலவற்றை ஒரு கசியும் ஸ்ட்ரோபை மேசைமீது வைத்துக்கொண்டே பேசிப் பார்க்கலாம்.

ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் இறங்குவதற்குள் அது பெரும்பாலும் போய்விடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். செக்கச்செவேலென்ற பவளம் அங்கே சாம்பல் பூசியதுபோல் நிற்கும். 1893-இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் லூயி பூட்டான் கடலடியில் படமெடுக்கத் தொடங்கியபோதே வெளிச்சம்தான் பெரிய பாடாக இருந்தது. ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் மக்னீசியம் எரியும் விளக்கை அவருக்காகச் செய்து பார்த்தார்கள், குடுவைகள் வெடித்தன. 1926-இல் ஃபுளோரிடாவின் டிரை டோர்டுகாஸ் தீவுகளில் வில்லியம் லாங்லியும் சார்ல்ஸ் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தார்கள். தண்ணீர்மீது மிதவை கட்டி, அதில் மக்னீசியத் தூளைக் கொளுத்தித்தான் அதைச் சாதித்தார்கள். இன்று அந்த வெளிச்சம் உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் வந்துவிட்டது. ஆபத்தும் அதே பெட்டிக்குள் குடிவந்துவிட்டது.

இந்தோனேசியாவில், சுலவேசியின் வடமுனைக்கு அருகே, பிதுங் துறைமுகத்துக்கு எதிரில் லெம்பே நீரிணை இருக்கிறது. எரிமலை கொட்டிய கருமணல் அடித்தளம். பார்த்த மாத்திரத்தில் வெறும் சேறு. ஆனால் மயிர் முளைத்த தவளைமீன், மற்ற உயிர்களைப்போல வேடமிடும் ஆக்டோபஸ், உடம்பெங்கும் ஊதாவும் மஞ்சளும் ஓடும் குட்டிக் கணவாய் என்று வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை அந்தச் சேற்றில் இருக்கின்றன. அவற்றுக்காகவே உலகெங்குமிருந்து படக்காரர்கள் வருகிறார்கள். அங்குள்ள டைவ் விடுதிகளில் கேமராவுக்கென்றே தனி அறை உண்டு. நல்ல விளக்கு, மேசைமீது துண்டு, காற்றடிக்கும் குழாய். காலையில் அந்த அறையில் பேச்சுக் குறைவு. ஆளுக்கொரு வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள்.

அவர்கள் செய்வதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வளையத்தை அதன் பள்ளத்திலிருந்து எடுக்க ஊசியோ கத்தியோ தொடக்கூடாது. பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலே தண்ணீருக்கு வாய்க்கால். இரண்டு விரலால் எதிரெதிராகத் தள்ளினால் வளையம் ஓரிடத்தில் வளைந்து எழும்பும். பிளாஸ்டிக் அட்டையின் முனையை அங்கே கொடுத்து வெளியே எடுப்பார்கள். பிறகு விரல் நுனிகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருவிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வருவார்கள். கண்ணுக்குத் தப்பிய மணல்துகள் விரலுக்குத் தப்பாது. வெளிச்சத்தில் பிடித்து வெட்டு, தட்டையாகிப்போன இடம், வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பள்ளத்தை நூல் உதிராத துணியால் துடைப்பார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் துடைத்தவர் அதன் ஓர் இழையை உள்ளேயே விட்டுவிடக்கூடும். மனிதத் தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வளையத்தின் குறுக்கே அப்படி ஒன்று கிடந்தால் போதும், கடல் உள்ளே வந்துவிடும்.

இங்கே கப்பல் முதலாளி ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்துக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877-இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையின் தொடக்கத்தில் அவரைக் கற்பனை செய்தார். பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குக் குடிபெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவிருக்கும் பழைய கப்பல். அது பலமுறை பழுது பார்க்கப்பட்டது என்பது முதலாளிக்குத் தெரியும். சந்தேகம் மனத்தை அரிக்கிறது. ஆனால் பிரித்துப் பார்த்தால் செலவாகும். இத்தனை பயணம், இத்தனை புயல் தாண்டி வந்த கப்பல் இந்தத் தடவையும் வந்துவிடும் என்று சொல்லிக்கொள்கிறார். ஏழைக் குடும்பங்களை ஆண்டவன் கைவிடமாட்டான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறார். நல்ல மனத்தோடு வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது.

அவர் குற்றவாளி என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கிளிஃபர்ட் அதற்கு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் அணுவளவும் குறையாது என்றார். அந்த நம்பிக்கைக்கு அவர் உழைக்கவில்லை. சோதித்துப் பெறாமல், சந்தேகத்தை அமுக்கிப் பெற்ற நம்பிக்கை அது. விளைவு நல்லதாக முடிந்ததால் அது நியாயமாகிவிடாது. இதை எழுதியவருக்கு மூழ்கும் கப்பல் எப்படியிருக்கும் என்று தெரியும். 1870-இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவோடு சென்றபோது சிசிலிக் கரையோரம் கப்பல் விபத்தில் சிக்கி உயிர்தப்பியவர் அவர்.

இந்த வாதம் ஸ்ட்ரோப் மூடிக்கு அப்படியே பொருந்துகிறது. முதல்நாள் இரவு களைப்பில் வளையத்தைப் பார்க்காமலே மூடிய இரண்டு டைவர்களை எண்ணிக்கொள்ளலாம். ஒருவருடையதில் ஒரு முடி கிடந்தது; ஃபிளாஷ் செத்தது. மற்றவருடையதில் எதுவும் கிடக்கவில்லை. இருவரும் செய்ததும் செய்யாததும் ஒன்றே. ஆனால் மதிய உணவு மேசையில் ஒருவர் அசட்டை செய்தவர், இன்னொருவர் அனுபவசாலி. 1976-இல் தத்துவவாதிகள் தாமஸ் நேகலும் பெர்னார்ட் வில்லியம்ஸும் அறத்துக்குள் அதிர்ஷ்டம் புகுவதைப் பற்றி விவாதித்தபோது இதே முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தார்கள். பிரேக்கைச் சரிபார்க்காத லாரி ஓட்டுநரை நேகல் உதாரணம் காட்டினார். குழந்தை சாலையில் ஓடிவந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வார். வராவிட்டால் அவருக்கு எதுவுமே நினைவிருக்காது. ஓடிவருவதும் வராததும் அவர் கையில் இல்லை.

வளையம் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. பிரஷர் குக்கரின் கேஸ்கட்டைப்போல, அழுத்தம் ஏற ஏறத்தான் அது இறுகும். பள்ளத்தைவிடச் சற்றுத் தடிமனாக இருப்பதால் மூடியை மூடும்போதே கொஞ்சம் நசுங்கி உட்காரும். பிறகு வெளியிலிருந்து தண்ணீர் தள்ளும்போது பள்ளத்தின் மறுபக்கச் சுவரில் போய் அழுந்தி, இருக்கிற இடைவெளியை அடைக்கும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற இயந்திரக்காரர் இதை வடிவமைத்து 1939-இல் காப்புரிமை பெற்றார். முப்பது மீட்டர் ஆழத்தில் ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடிமீது அறுபது கிலோ எடைக்குச் சமமான விசை அமுக்கும். ஆனாலும் கசிவுகளில் பல அந்த ஆழத்தில் நேர்வதில்லை. முதல் ஓரிரு மீட்டரில், அழுத்தம் இன்னும் வளையத்தைப் பிடித்து உட்காரவைக்காத இடத்தில் நேர்கின்றன. படகிலோ கரையிலோ வைத்திருக்கும் நன்னீர்த் தொட்டியில்கூட நேர்வதுண்டு. பல கேமராக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் அந்த முழங்கால் ஆழத் தண்ணீரில் கருவியை விட்டுவிட்டுப் போவது பழகியவர்களுக்குப் பிடிக்காது.

இதே வளையத்தின் பெரிய உருவம் ஏழு உயிர்களை வாங்கிய கதை உலகறிந்தது. 1986 ஜனவரி 28 காலை, ஃபுளோரிடாவில் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ். சேலஞ்சர் விண்ணோடத்தின் வலப்பக்க ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் குளிரில் விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறியது. கிளம்பிய 73-ஆவது வினாடியில் ஓடம் சிதறியது. முந்தைய இரவு, ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் தடுத்துப் பார்த்தார்கள். சுமார் 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நிர்வாகம் அவர்களுடைய பரிந்துரையை மாற்றியது. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பிப்ரவரி 11 அன்று தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் அந்த ரப்பரின் ஒரு துண்டைக் கிடுக்கியில் நசுக்கி ஐஸ் தண்ணீர் கிளாஸில் போட்டார். வெளியே எடுத்து விடுவித்தபோது அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவ்வளவுதான் அவர் காட்டியது.

அந்த விபத்தில் நம் கேள்விக்கு வேண்டிய பகுதி இன்னொன்று. முந்தைய பயணங்களிலும் அந்த வளையங்கள் அரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. அது எச்சரிக்கையாகப் படவில்லை. அரித்த பிறகும் தாங்கியதே என்று, தாங்கும் என்பதற்கான சான்றாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. சமூகவியலாளர் டயான் வான் 1996-இல் எழுதிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். விதிமீறல் மெல்ல மெல்ல வழக்கமாக ஆகிவிடுவதுதான் அவர் கண்ட நோய். கெட்ட எண்ணம் கொண்டவர் அங்கே யாரும் தேவைப்படவில்லை. கிளிஃபர்டின் கப்பல் முதலாளி சொன்ன அதே வாக்கியம், இத்தனை பயணம் வந்ததே என்ற வாக்கியம், நூறாண்டு கழித்துக் கூட்ட அறைகளில் புள்ளிவிவர உடை உடுத்தி வந்தது.

ஆக, சோதிக்காமல் நம்பாதே. இதோடு முடிந்துவிட்டால் கிளிஃபர்ட் போதும். ஆனால் கேமரா அறையில் சில நாட்கள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். நன்றாக மூடிய மூடியை ஒருமுறை சந்தேகப்பட்டுத் திறந்து பார்க்கிறவர், திறக்கும் அந்த நேரத்தில்தான் மணலையும் முடியையும் உள்ளே விடுகிறார். படகில் காற்றடிக்கிறது, தலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிறது, துண்டிலிருந்து நூல் பறக்கிறது. அறையில் நல்ல விளக்கின் கீழ் பார்த்து மூடியதைப் படகில் திறந்து ‘உறுதி’ செய்துகொள்வதுபோல் ஆபத்து வேறில்லை. வளையத்தை அடிக்கடி கழற்றினால் அது இழுபட்டு நீளும். கழற்றவே வேண்டாம், பார்த்துத் துடைத்தால் போதும் என்று சில இணைப்புகளுக்குத் தயாரிப்பாளர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். சந்தேகம் இங்கே கருவியைக் கெடுக்கும் செயலாகவே மாறிவிடுகிறது.

திருவள்ளுவர் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பார்த்தவர். 51-ஆம் அதிகாரமான ‘தெரிந்து தெளிதல்’ அரசன் தன் ஆட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. ரப்பரைப் பற்றியதல்ல, அறத்தாலும் பொருளாலும் இன்பத்தாலும் உயிரச்சத்தாலும் மனிதரைச் சோதிப்பது பற்றியது. அதன் கடைசிக் குறளில் ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதையும் அவர் ஒரே தட்டில் வைக்கிறார். இரண்டும் தீராத துன்பம் தரும் என்கிறார். கிளிஃபர்ட் முதல் பாதியைச் சொன்னார். இரண்டாம் பாதியை அவர் அழுத்திச் சொல்லவில்லை. சோதனை முடிந்த இடத்தில் சந்தேகத்துக்கும் ஒரு முடிவு வர வேண்டும் என்பதை அவர் அவ்வளவாக வற்புறுத்தவில்லை. மூடியை மூடிய கை அதை மறுபடி திறக்காமல் இருப்பதும் நம்பிக்கையின் அறத்தில் சேர்ந்ததுதான்.

சந்தேகத்துக்கு எல்லை எங்கே என்று நேருக்கு நேர் கேட்டவர் மிதிலையின் நியாயத் தத்துவவாதி உதயணர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடவுள் உண்டு என்று நிறுவ அவர் எழுதிய ‘நியாயகுசுமாஞ்சலி’யில் இந்தக் கேள்வி வருகிறது. சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் சந்தேகம் நின்றுவிடும் என்பது அவர் பதில். நெருப்புக்கும் புகைக்கும் தொடர்புண்டா என்று வாதத்தில் சந்தேகிப்பவர், புகை வேண்டும்போது நெருப்பைத் தேடித்தானே போகிறார்? பின்னர் வந்த ஸ்ரீஹர்ஷர் இதை விடவில்லை. முரண்பாடு இருக்கிறதென்றால் சந்தேகமும் இருக்கிறது என்றுதானே பொருள் என்று திருப்பியடித்தார். வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் டைவரின் உடம்பைப் பார்த்தால் உதயணர் பக்கம் ஒரு சாட்சி கிடைக்கும். அவர் முதுகிலிருக்கும் டேங்கின் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் ஓர் ஓ-ரிங் இருக்கிறது. அவர் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் அதைத் தாண்டித்தான் வருகிறது. அதை அவர் ஒருமுறை பார்த்தார், வால்வைத் திறந்து காற்றுச் சீறுகிறதா என்று கேட்டார், பிறகு மறந்தார். ஃபிளாஷின் வளையத்தைப் பற்றி இருபது மீட்டர் ஆழத்தில் கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர், அந்தக் கவலைப்படும் மூச்சையே இன்னொரு வளையத்தை நம்பித்தான் விடுகிறார்.

சோதனை எட்டாத இடத்தில்தான் சடங்கு நுழைகிறது. கிரீஸைப் பாருங்கள். வளையத்தின்மேல் பூசும் சிலிக்கோன் கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. வளையம் முறுக்காமல், ஒட்டாமல் வழுக்கி உட்கார உதவுகிறது, அவ்வளவே. மெல்லிய பளபளப்பு தெரிந்தால் போதும். ஆனால் பலர் அதை அப்பி அப்பிப் பூசுகிறார்கள், பூசப் பூச பாதுகாப்பு கூடுவதுபோல. கூடுதல் கிரீஸ் மணலையும் நூலையும் பிடித்து வைக்கும். சிலிக்கோனால் செய்த வளையத்துக்குப் பொருந்தாத சிலிக்கோன் கிரீஸ் பட்டால் வளையமே உப்பிவிடும். இது பயத்தின் பூசை. பூசுகிறவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்தப் பயம் உண்மையானது.

மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியபோது கண்டதை 1925-இல் எழுதினார். காயலுக்குள் மீன்பிடிப்பது எளிது, ஆபத்தில்லை. அதற்கு மந்திரமும் இல்லை. திறந்த கடலில் பிடிக்கப் போகும்போது ஆபத்தும் நிச்சயமின்மையும் அதிகம். அங்கே மந்திரம் அடர்த்தியாக வருகிறது. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பிலும் இதுதான் நடந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் ‘கடல்கட்டி’ வராமல் முக்குளிப்பவர்கள் இறங்கவில்லை. அவரை நம்பாத ஆங்கில அரசும் அவருக்குக் கூலி கொடுத்தது. அந்தக் கூலியை மூடத்தனத்துக்குக் கொடுத்த பணம் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. கல்லில் காலை ஊன்றி, கயிற்றைத் தோழன் கையில் கொடுத்து, மூச்சை அடக்கி இறங்குகிறவர் தன்னால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். மீதி இருந்தது சுறா. அதன்மேல் அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

ஒரு சடங்குக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு வரிசையில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமல் விட்டுவிட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதி தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. வளையத்தைப் பார்த்துவிட்டுக் கும்பிடுவதும், பார்ப்பதற்குப் பதிலாகக் கும்பிடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கப்பல் முதலாளி இரண்டாவதைச் செய்தவர். கடல்கட்டியை அழைத்தவர்கள் முதலாவதைச் செய்தவர்கள்.

அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் கிளிஃபர்டுக்குப் பதில் சொன்னார். சான்று முழுதாக வரும்வரை காத்திருந்தால் சில உண்மைகள் பிறக்கவே பிறக்காது. நம்பிக்கை முன்னால் போனால்தான் அவை பின்னால் வரும் என்றார். மனிதருக்கு நடுவே இது முற்றிலும் சரி. கூட இறங்கும் தோழரை முதலில் நம்பினால்தான் அவர் நம்பத்தக்க தோழராக வளர்வார். ஆனால் ரப்பர் நம்புகிறவரின் முகத்தைப் பார்த்து இறுகுவதில்லை. ஜேம்ஸின் வாதத்தைப் பொருளுக்கு ஏற்றுவது பெரும் தவறு. கடவுள் நம்பிக்கை இந்த இரண்டில் எந்தப் பக்கம் சேரும், தோழர் பக்கமா வளையத்தின் பக்கமா என்பதில்தான் ஜேம்ஸும் கிளிஃபர்டும் உண்மையில் பிரிகிறார்கள். பக்தர்களும் ஐயவாதிகளும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான்.

கேமரா இருக்கும் பெரிய உறைக்கு இப்போது வேறு வழி வந்துவிட்டது. சிறு கைப்பம்பால் உள்ளிருக்கும் காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுப்பார்கள். அரைமணி நேரம் கழித்தும் உள்ளழுத்தம் ஏறாமல் இருந்தால் பச்சை விளக்கு மாறாமல் எரியும். தண்ணீரில் இறங்கும் முன்பே காற்றை வைத்துச் சோதித்துவிடலாம். பெரும்பாலான ஸ்ட்ரோப்களில் அந்த வசதி இல்லை. அதே கேமராவின் நடுவில் சான்றும், இரு கைகளின் முனையில் நம்பிக்கையுமாக டைவர் இறங்குகிறார். கண்ணாடி இழைக் கேபிள் வந்தது ஸ்ட்ரோபுக்கு ஓரளவு நிம்மதி தந்தது. கேமராவின் சிறு ஃபிளாஷ் வெளிச்சம் இழை வழியே போய்ப் பெரிய ஃபிளாஷைத் தூண்டுவதால், மின்கம்பி நுழைய உடம்பில் துளை போட வேண்டியதில்லை. ஒரு துளை குறைந்தால் நம்ப வேண்டிய வளையமும் ஒன்று குறைகிறது.

எவ்வளவு செய்தாலும் சில சமயம் கசியும். அப்போது முதலில் காக்க வேண்டியது ஆளை. உப்புத் தண்ணீர் பேட்டரி முனைகளை இணைத்தவுடன் மின்பகுப்பு தொடங்கி ஹைட்ரஜன் வெளிவரும். மூடிய சிறு அறைக்குள் வாயு அடைபட்டு அழுத்தம் ஏறும். மேலே வர வர வெளியழுத்தம் குறைவதால் வித்தியாசம் இன்னும் கூடும். மூடி துப்பாக்கிக் குண்டுபோலத் தெறிக்கலாம். அதனால் முகத்தை விலக்கி, ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, துண்டைப் போர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறக்க வேண்டும். பேட்டரியிலிருந்து வடிவது காரத் திரவம், வெறுங்கையால் தொடக்கூடாது. மின்சுற்று இருக்கும் பகுதிக்குள் தண்ணீர் போயிருந்தால் சுவிட்சைப் போட்டுப் பார்க்கவே கூடாது, உறையைப் பிரிக்கவும் கூடாது. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் பேட்டரியை எடுத்த பிறகும் முந்நூறு வோல்ட் அளவுக்கு மின்னைத் தேக்கி வைத்திருக்கும். பல ஸ்ட்ரோப்களில் பேட்டரி அறை தனியே அடைக்கப்பட்டிருப்பதால், உடனே நன்னீரில் கழுவி, பச்சை பூத்த முனைகளை வினிகரால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் பிழைத்துக்கொள்வதும் உண்டு.

பிறகு கேமரா அறைக்கு வர வேண்டும். அங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: வளையத்தைப் பார்த்தீர்களா? அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. கசிந்தது என்றால் நீங்கள் ஏதோ செய்யத் தவறியிருக்கிறீர்கள். பைபிளில் யோபுவைப் பார்க்க வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் இதையேதான் செய்தார்கள். சத்தமிட்டு அழுது, ஏழு நாள் அவனோடு மண்ணில் மௌனமாய் உட்கார்ந்திருந்தவர்கள், வாய் திறந்தபோது, இவ்வளவு துன்பம் வந்திருக்கிறதென்றால் நீ பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். நூலின் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல் விழுகிறது. முன்வினை என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் நம் ஊரிலும் இதே வழுக்கல் உண்டு. துன்பப்படுகிறவரைப் பார்த்துக் காரணத்தைப் பின்னோக்கி ஊகிக்கிறோம், ஊகித்ததை அவர்மேல் எழுதிவிடுகிறோம்.

காய்ந்து வந்த ஃபிளாஷ் அதன் சொந்தக்காரர் கவனமாக இருந்தார் என்பதற்குச் சாட்சி அல்ல என்று கிளிஃபர்ட் சொன்னதை ஏற்றுக்கொண்டால், நனைந்து வந்த ஃபிளாஷ் அவர் அசட்டையாக இருந்தார் என்பதற்கும் சாட்சி அல்ல என்று ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். அச்சில் வார்த்த மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்திருக்கலாம். வளையம் வெயிலிலும் காலத்திலும் நெகிழ்ச்சி இழந்திருக்கலாம். படகுத் தளத்தில் யாரோ தூக்கி வைக்கும்போது மூடி கால் திருகு நகர்ந்திருக்கலாம். ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ் தன் மாணவர்களுக்குச் சொன்ன பாடம் ஒன்றுண்டு: உங்களுக்குப் பிடித்த மண்குடம் உடையக்கூடியது என்பதை அதைக் கையில் எடுக்கும்போதே நினைவில் வையுங்கள். நல்ல பாடம்தான். ஆனால் அது இழப்பைத் தாங்கச் சொல்லித் தருகிறது. குடம் ஏன் உடைந்தது என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. அடுத்த வளையத்தை மாட்டப் போகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

ஏன் கசிந்தது என்று பார்க்க ஒரு நிமிடம்தான் இருக்கிறது. உப்பு அரிப்பதற்குள் நன்னீரில் முக்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். முக்கினால் கருவிக்கு நல்லது. ஆனால் வளையத்தின் குறுக்கே கிடந்த முடியும், பள்ளத்தில் ஒட்டியிருந்த கருமணலும் அதோடு போய்விடும். பழகியவர்கள் மூடியைத் திறந்த கையோடு வளையத்தை விளக்கின் கீழ் பிடித்துச் சுற்றிலும் பார்த்து, பக்கத்திலிருப்பவரிடமும் காட்டி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகுதான் கழுவுகிறார்கள். முடி தெரிந்தால் டைவ் பதிவேட்டில் அதை எழுதுகிறார்கள். வெட்டு தெரிந்தால் அதை. எதுவும் தெரியாவிட்டால், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் பையிலிருந்து புது வளையத்தை எடுக்கிறார்கள்.